காசு வாங்கும்போது வராத சந்தேகம்

ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதானதும் சேமலாப நிதி கைக்கு வருகிறது. நம் சம்பளத்தில் பிடித்த 8 சதவீதமும் நிர்வாகம் போட்ட 12 சதவீதமும் சேர்ந்த காசு. அதை மோப்பம் பிடித்தாற்போல் கண்டி டவுனிலிருந்து காப்புறுதி முகவர் லயத்துக்கு ஏறி வருகிறார். மாதாமாதம் பென்ஷன் வருமாம், கையெழுத்து மட்டும் போட்டால் போதுமாம்.

ஆங்கிலப் படிவத்தை அவரே நிரப்புகிறார். பிரஷர், சீனி வருத்தம் எல்லாவற்றுக்கும் கேட்காமலே "இல்லை" என்று எழுதுகிறார். கட்டுப்பணம் வாங்கும் வரை கம்பனிக்கு ஒரு சந்தேகமும் வராது. ஆள் செத்து, வீட்டார் காசு கேட்டுப் போன பிறகுதான் கிளினிக் கொப்பியைத் தேடுவார்கள். நோயை மறைத்தீர்களாம், ஒப்பந்தம் செல்லாதாம்!

இந்தத் தந்திரம் பழையது. இங்கிலாந்தில் ஜனங்களின் நம்பிக்கையைப் பெற, "பிறகு தர்க்கம் பண்ணமாட்டோம்" என்று பெயரிலேயே சொல்லிக்கொண்டு 1848இல் லண்டனில் ஒரு கம்பனி தொடங்கியது. இந்தியாவில் அது கம்பனியின் தயவு அல்ல, சட்டம். 1938ஆம் ஆண்டுக் காப்புறுதிச் சட்டத்தின் 45ஆம் பிரிவு 2015இல் திருத்தப்பட்டது. மூன்று வருஷம் கடந்தால் ஆயுள் காப்புறுதியை எந்தக் காரணம் சொல்லியும் கேள்வி கேட்க முடியாது. மோசடி என்றுகூடச் சொல்ல முடியாது. அதற்கு முன்னே மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். மோசடி இல்லாத தவறான தகவல் என்றால் கட்டிய பணத்தை 90 நாளில் திருப்பவேண்டும். 1964 ஒப்பந்தத்தின்படி கப்பலேறி கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போன நம் சொந்தக்காரருக்கு இந்தக் காவல் இருக்கிறது.

நமக்கு இன்னொரு வில்லங்கம் வயது. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று. தோட்டப் பதிவில் யாரோ குத்துமதிப்பாக எழுதியதற்கு நாமா பொறுப்பு? பென்ஷன் கணக்கே வயதில்தான் நிற்கிறது. இந்தியச் சட்டத்திலும் வயதுக்கு ஆதாரம் எப்போதும் கேட்கலாம். ஆனால் அதன்படி தொகையைத் திருத்தலாமே தவிர, அதைச் சாட்டாக வைத்து ஒப்பந்தத்தைக் கிழிக்க விடக்கூடாது.

எத்தனை வருஷத்துக்குப் பிறகு வாய் திறக்கமாட்டோம் என்பதைக் கம்பனி முதல் பக்கத்திலேயே தமிழில் அச்சடிக்க வேண்டும். முகவர் எழுதிய பதிலுக்கு முகவரும் கம்பனியுமே பொறுப்பேற்க வேண்டும். காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் சங்கம் இதைத்தான் கேட்கவேண்டும்.

அதுவரை வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பிரஷர் இருந்தால் இருக்கிறது என்றே எழுதச் சொல்லுங்கள், படிவத்தின் பிரதியை வாங்கி வையுங்கள். ஏற்கெனவே மறுப்புக் கடிதம் வந்திருந்தால் தூக்கி எறியாமல் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். காப்புறுதிக் குறைகேள் அதிகாரிக்கு முறைப்பாடு எழுத நாங்கள் உதவுகிறோம்.