யார் உறக்கத்தைக் கெடுத்து வடிகிறது நம் வீட்டுக் காப்பி?



சென்ற பெருநாளன்று உத்திரமேரூரில் எங்கள் வீட்டில் நடந்த சிறு நிகழ்ச்சி ஒன்றே இக்கட்டுரைக்குக் காரணம். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த தம்பி, காப்பித்தூள் அடைத்த சிறு குப்பிகளை உள்ளே இட்டுப் பொத்தானை அழுத்தினால் காப்பி வடித்துத் தரும் மின்கருவி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். பெருநாள் தொழுகை முடிந்து திரும்பியவர்களும் அக்கம்பக்கத்தாருமாகக் கூடத்தில் பதினைந்து பேருக்கு மேல் அமர்ந்திருந்தனர். கருவியோ ஒரு முறைக்கு ஒரு குவளைதான் தரும். ஐந்தாவது குவளை வடியும்போது மின்சாரம் நின்றுபோனது.

பிரியாணிக்கு அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா, ஒன்றும் சொல்லாமல் கையைத் துடைத்துக்கொண்டு பரணிலிருந்த பெரிய பித்தளைப் பில்டரை இறக்கினார். அரை மணி நேரத்தில் அனைவர் கையிலும் சூடான காப்பி இருந்தது. கருவி தோற்றது, பில்டர் வென்றது என்று எல்லோரும் சிரித்தோம். அன்று காலை வந்தவர்களில் ஒருவரோடும் அம்மா உட்கார்ந்து பேசவில்லை என்பதை மாலையில்தான் உணர்ந்தோம்.

வீட்டில் காப்பி தயாரிக்கும் முறையைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் சுவை, விலை, கருவியின் அழகு ஆகிய மூன்றையே பார்க்கின்றனர். இம்மூன்றுக்கும் முன்னால் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு என்பது எங்கள் கருத்து. ஒரு முறை வடித்தால் அது எத்தனை பேருக்கு ஆகும்? அதை வடிப்பதற்காக யார் எழுந்திருக்கவேண்டும்?

இக்கேள்விகள் புதியவை அல்ல. காப்பியின் வரலாற்றிலேயே இவற்றுக்கான விடை இருக்கிறது. காப்பியை ஒரு பானமாகப் பருகியதற்குத் தெளிவான சான்றுகள் 15ஆம் நூற்றாண்டு யமன் நாட்டு ஸூஃபிகளிடமிருந்தே கிடைக்கின்றன. இரவு திக்ரில் கண்ணயராமல் இருக்க அவர்கள் அதைப் பருகினர். அங்கிருந்து அது மக்காவுக்கும் கெய்ரோவுக்கும் சென்றது. 1511ஆம் ஆண்டு மக்காவின் அதிகாரி காயிர் பேக், இரவில் கூடிக் காப்பி பருகியவர்களைக் கண்டு ஐயுற்று, அறிஞர்களையும் மருத்துவர்களையும் கூட்டி அதற்குத் தடை விதித்தார். கெய்ரோவிலிருந்த சுல்தானின் அரசு அத்தடையை முழுமையாக ஏற்கவில்லை. தடை நீடிக்கவும் இல்லை.

1558ஆம் ஆண்டையொட்டிக் காப்பி குறித்து அரபியில் நூல் எழுதிய அப்துல் காதிர் அல்ஜஸீரி, கெய்ரோவின் அல்அஸ்ஹரில் தங்கியிருந்த யமனியர் காப்பி பருகிய முறையைப் பதிவுசெய்திருக்கிறார். திங்கள், வெள்ளி இரவுகளில் அவர்கள் ஒன்றுகூடுவர். செம்மண்ணால் ஆன ஒரு பெரிய பாத்திரத்தில் காப்பி இருக்கும். குழுவின் தலைவரே சிறு அகப்பையால் முகந்து ஒவ்வொருவருக்கும் கொடுப்பார். வலப்புறமாக அது சுற்றி வரும். நாவில் திக்ர் இருக்கும். ஒரே பாத்திரம், பலருக்குப் பங்கு, ஊற்றுகிற கை தலைவருடையது. இன்றைய நம் வீடுகளில் முதல் இரண்டும் ஓரளவு எஞ்சியிருக்கின்றன. மூன்றாவதை நாம் தொலைத்துவிட்டோம்.

நம் நாட்டுக்குக் காப்பி வந்த கதையும் ஹஜ்ஜோடு இணைந்ததே. ஹஜ் செய்து திரும்பிய பாபா புடன், யமனின் மோக்கா துறைமுகத்திலிருந்து ஏழு விதைகளை மறைத்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது 17ஆம் நூற்றாண்டைச் சார்ந்த செவிவழிச் செய்தி. அம்மலை இன்றும் அவர் பெயரால் பாபா புடன்கிரி என்றே வழங்குகிறது. ஆகவே காப்பியை அயலார் பானம் என்று ஒதுக்கவேண்டியதில்லை. அது எதற்காக நம் முன்னோரிடம் வந்தது என்பதை மறக்காமல் இருந்தால் போதும்.

இனி முறைகளுக்கு வருவோம். சூடான பாலில் கரைக்கும் உடனடிக் காப்பித்தூளைப் பழிப்பது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. அதில் எங்களுக்கு உடன்பாடில்லை. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியே வாழும் முதியவருக்கு அது பெரிய உதவி. இத்தாலியில் 1933இல் தோன்றிய மோக்கா பாத்திரம் கணவன் மனைவி இருவர் மட்டுமுள்ள வீட்டுக்கு ஏற்றது. அடுப்பில் வைத்த சில நிமிடங்களில் வேலை முடியும். ஆயினும் அதன் அளவு மாறாதது. மூவருக்கான பாத்திரத்தில் ஆறு பேருக்கு வடிக்க இயலாது. ஜெர்மனியின் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி 1908இல் உருவாக்கிய காகித வடிகட்டிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. இரத்தத்தில் கெட்ட கொழுப்பை உயர்த்தக்கூடிய கஃபெஸ்டால் என்னும் பொருளைக் காகிதம் பெரிதும் தடுத்துவிடும். நம் பில்டரின் உலோகத் துளைகள் அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. கொழுப்பைக் குறைக்குமாறு மருத்துவர் சொல்லியிருப்பவர்கள் காகிதத்தின் பக்கம் செல்வதே நலம்.

குப்பிக் கருவியைப் பொறுத்தவரை, அது அலுவலகங்களுக்குப் பொருந்தலாம். உத்திரமேரூர் போன்ற ஊரில் குப்பிகள் தீர்ந்தால் வாங்க இடமில்லை. ஒவ்வொரு குவளைக்கும் ஒரு குப்பை சேரும். தம்பி கொண்டுவந்த கருவி இப்போது அலமாரியின் மேல் துணி போர்த்தி அமர்ந்திருக்கிறது. உண்ணலாம், பருகலாம், வீண்விரயம் மட்டும் கூடாது என்று அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனம் வகுத்த எல்லையை நினைவில் கொண்டால், இதைப் பற்றி மேலும் சொல்லத் தேவையில்லை.

நான்கு பேருக்கு மேல் இருக்கும் வீட்டுக்கும், விருந்தினர் சொல்லாமல் வந்து சேரும் ஊருக்கும் பில்டரே ஏற்றது என்பது எங்கள் முடிவு. அதற்கு மின்சாரம் வேண்டாம், காகிதம் வேண்டாம். வடித்த சக்கை செடிகளுக்கு உரமாகும். இருவருக்கான உணவு மூவருக்குப் போதும் என்ற கருத்தில் அமைந்த நபிமொழியை நாம் அறிவோம். பில்டர் அதற்கு இடம்கொடுக்கிறது. திடீரென இருவர் வந்தால் டிகாக்ஷனைச் சற்றுக் குறைத்துப் பாலைச் சற்றுக் கூட்டினால் எல்லோருக்கும் ஆகிவிடும்.

பழகாதவர்களுக்காக அளவையும் சொல்லிவிடுகிறோம். நால்வருக்குக் குவித்த 4 மேசைக்கரண்டித் தூள், ஏறக்குறைய 30 கிராம். மேல் பாத்திரத்தில் தூளை இட்டு, தண்டுள்ள தட்டால் மெதுவாகச் சமப்படுத்தவேண்டும். அழுத்தினால் நீர் இறங்காது. கொதித்து அடங்கிய நீர் சுமார் 220 மில்லி ஊற்றி மூடிவிட்டால், அரை மணி நேரத்துக்குள் நால்வருக்குப் போதுமான கெட்டி டிகாக்ஷன் கிடைக்கும். பிறகு அதைக் கொதிக்கவிடக்கூடாது, கசந்துவிடும். பாலை மட்டும் நன்றாகச் சூடாக்கிக் கலந்தால் போதும். சொட்டுவது நின்றுபோனால், துளைகள் அடைபட்டிருக்கின்றன என்று பொருள். கழுவிய மேல் பாத்திரத்தின் அடியைச் சற்று நேரம் அடுப்புத் தழலில் காட்டித் தேய்த்தால் திறந்துகொள்ளும்.

தூள் வாங்கும்போது பொட்டலத்தைத் திருப்பிப் படியுங்கள். சிக்கரி கலந்த தூளில் காப்பியின் பங்கு 51 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்பதும், கலவையின் அளவை அச்சிடவேண்டும் என்பதும் நம் நாட்டு விதி. சிக்கரி விஷமன்று, டிகாக்ஷனுக்கு நிறமும் கெட்டித்தன்மையும் தரும் ஒரு வேர். ஆனால் காப்பிக்கான விலையைக் கொடுத்துப் பாதி சிக்கரியை வாங்குகிறோமா என்பதை அறிந்து வாங்கவேண்டும்.

இப்போது இரண்டாவது கேள்வி. பில்டருக்கு மற்ற முறைகளுக்கு இல்லாத ஒரு குணம் உண்டு. அதை இரவே வைத்துவிடலாம். இஷா தொழுதுவிட்டு வந்து தூளையிட்டு நீரூற்றி மூடிவைத்தால், விடியலில் டிகாக்ஷன் காத்திருக்கும். புதிதாக வடித்ததன் மணம் அதில் சற்றுக் குறைவாக இருக்கும் என்பது உண்மைதான். அந்தச் சிறு மணத்துக்காக ஒருவரை ஃபஜ்ருக்கு முன் அரை மணி நேரம் முன்னதாக எழுப்பவேண்டுமா என்பதே நாங்கள் கேட்பது. பல வீடுகளில் ஆண்கள் தொழுதுவிட்டு வரும்போது காப்பி தயாராக இருக்கவேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். அதற்காகப் பெண்கள் தம் தொழுகையையும் குர்ஆன் ஓதுதலையும் விரைவாக முடிக்கின்றனர், அல்லது தள்ளிப்போடுகின்றனர். விழித்திருந்து வணங்குவதற்காகத் தோன்றிய பானம், ஒருவரின் வணக்கத்தைச் சுருக்கி இன்னொருவருக்குச் சுவை தருவதாக மாறிவிட்டதை நாம் கவனிக்கவேண்டாமா?

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் உதவிக்கொண்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தியை எத்தனையோ முறை பயானில் கேட்டிருக்கிறோம். கேட்டு நெகிழ்ந்து, வீடு திரும்பியதும் காப்பி வரவில்லையே என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்திருக்கிறோம். பிறரைச் சொல்லவில்லை, எங்களையே சொல்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. காப்பியிலுள்ள கஃபீன் உடலில் பாதியளவு குறையவே ஏறத்தாழ 5 மணி நேரமாகும். கருவுற்ற பெண்களுக்கு அதைவிடக் கூடுதல். மஃரிபுக்குப் பின் பருகும் இரண்டாவது, மூன்றாவது குவளைகள் நள்ளிரவு வரை உறக்கத்தைத் தள்ளி, ஃபஜ்ரைக் கைநழுவச் செய்கின்றன. எந்த முறையில் வடித்தாலும் இதற்கு மாற்றில்லை. அஸ்ருக்குப் பிறகு காப்பியை நிறுத்துவதே வழி.

எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளைக் காண வெளியூர் மாணவர்கள் வருவதுண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஊர்ப் பொறுப்பாளர்களைக் குடத்தில் ஓலையிட்டுத் தேர்ந்த முறையை அவை சொல்கின்றன. பெருநாளுக்கு மறுநாள் எங்கள் வீட்டிலும் ஒரு சிறு மஷூரா நடந்தது. ஓலையும் குடமும் தேவைப்படவில்லை. காப்பி வேண்டும் என்பவர்கள் முறைவைத்து இரவில் பில்டர் வைப்பது, காலையில் பால் காய்ச்சுவதும் அவர்களே, பெருநாள் காப்பி முழுவதும் ஆண்கள் பொறுப்பு என்று முடிவாயிற்று. முதல் வாரம் வடித்தது காப்பியா கஷாயமா என்று தெரியவில்லை. அம்மா ஒரு குறையும் சொல்லாமல் குடித்தார். மூன்றாம் நாள் மட்டும், தட்டை அவ்வளவு அழுத்தாதே என்றார்.

இப்போது ஃபஜ்ருக்குப் பின் அவர் முஸல்லாவிலிருந்து எழ நேரமாகிறது. ஓதி முடித்து வந்தபின் அவருக்கான குவளை அவர் கைக்குப் போகிறது. உங்கள் வீட்டுக்கு எந்தக் கருவியை வேண்டுமானாலும் வாங்குங்கள். வாங்குமுன், அதை வடிக்கப்போகிறவர் யார் என்பதை மட்டும் குடும்பத்தோடு அமர்ந்து பேசி முடிவுசெய்யுங்கள்.

நம் இல்லங்களில் உணவிலும் பானத்திலும் உறவிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.