வாங்கவிடாமல் தடுத்தால்தான் வழக்கா? அமெரிக்கக் கடைகளும் இனப்பாகுபாட்டுச் சட்டமும்

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் உள்ள டில்லார்ட்ஸ் அங்காடியில், 1996-ஆம் ஆண்டு கறுப்பினப் பெண் ஒருவர் குழந்தைக்கு உடை வாங்கினார். பணம் செலுத்தியதும் இலவச வாசனைத் திரவியத்துக்கான கூப்பன் ஒன்று அவருக்கு வழங்கப்பட்டது. அதைக் கொடுத்துத் திரவியத்தைப் பெறும் வேளையில் கடையின் பாதுகாவலர் குறுக்கிட்டார். திருட்டுச் சந்தேகத்தின் பேரில் அவரது பையைச் சோதனையிட்டார். திருட்டுப் பொருள் எதுவும் அதில் இல்லை.

அப்பெண்ணுக்கு 11.56 லட்சம் டாலர் வழங்குமாறு ஜூரி குழு அளித்த தீர்ப்பை, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001-இல் உறுதி செய்தது. அவருடன் சென்றிருந்த உறவினரின் கோரிக்கையோ தள்ளுபடியானது. காரணம், அவர் எதையும் வாங்கியிருக்கவில்லை.

ஒரே கடையில், ஒரே பாதுகாவலரால், ஒரே நேரத்தில் நேர்ந்த அனுபவத்துக்கு இருவேறு முடிவுகள். இந்த முரணுக்கான விடை சட்டத்தின் அமைப்பிலேயே உள்ளது. புகழ்பெற்ற 1964-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டம், பாகுபாடு கூடாத பொது இடங்களாக விடுதிகள், உணவகங்கள், திரையரங்குகள், பெட்ரோல் நிலையங்கள் ஆகியவற்றைப் பட்டியலிடுகிறது. சாதாரண சில்லறைக் கடைகள் அப்பட்டியலில் இல்லை. (இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு கடைகளைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.)

எனவே, கடைகளுக்கு எதிராக வழக்குத் தொடுப்போர் பெரும்பாலும் 1866-ஆம் ஆண்டுச் சட்டத்தையே நாடுகின்றனர். அடிமைமுறை ஒழிக்கப்பட்ட மறு ஆண்டில் இயற்றப்பட்ட அச்சட்டம், ஒப்பந்தம் செய்துகொள்வதில் வெள்ளையருக்கு உள்ள அதே உரிமையை அனைவருக்கும் அளிக்கிறது. பொருள் வாங்குவதும் ஓர் ஒப்பந்தமே. ஒப்பந்தத்தால் கிடைக்கும் பலன்களும் இவ்வுரிமையில் அடங்கும் என 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவுபடுத்தியது. கன்சாஸ் பெண்ணைக் காப்பாற்றியது அந்தக் கூப்பன்தான் என்று கூறுவது மிகையாகாது.

சிக்கலும் இங்குதான் தொடங்குகிறது. கறுப்பின வாடிக்கையாளர்கள் அதிகம் முறையிடுவது, பொருள் தர மறுப்பதைப் பற்றியல்ல. நுழைந்தது முதல் வெளியேறும் வரை ஊழியர் பின்தொடர்வதைப் பற்றியே. மிசூரி மாநில டில்லார்ட்ஸ் கிளை மீதான வழக்கில், எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009-இல் பிளவுபட்ட தீர்ப்பொன்றை வழங்கியது. இனத்தின் அடிப்படையில் கண்காணித்தது மட்டுமே இச்சட்டத்தின்கீழ் வழக்காகாது. வாங்க முயன்று, அது தடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் முடிவு. அவமானம் தாளாமல் வாங்காமலேயே வெளியேறியவருக்கு இதனால் வழி அடைபடுகிறது. பொறுத்துக்கொண்டு பணம் செலுத்தி வாங்கியவருக்கோ, ஒப்பந்தம் நிறைவேறிவிட்டதே என்ற பதில் காத்திருக்கிறது.

கடைகளின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. திருட்டைத் தடுப்பது அவற்றின் உரிமை. அதற்காகக் கண்காணிப்பதும் இயல்பே. ஆனால், யாரைக் கண்காணிப்பது என்பதை நிறம் முடிவு செய்ததா என்பதை நிரூபிக்கும் சுமை வாடிக்கையாளரின் தோளில் விழுகிறது. தொலைக்காட்சி நிறுவனமொன்று காம்காஸ்ட் மீது தொடுத்த வழக்கில், 2020-இல் உச்ச நீதிமன்றம் இச்சுமையை மேலும் கூட்டியது. இனம் ஒரு காரணமாக இருந்தது என்பது போதாது. இனம் வேறாக இருந்திருந்தால் அந்த இழப்பே நேர்ந்திருக்காது எனக் காட்ட வேண்டும்.

இதனால் மாற்று வழிகள் முக்கியத்துவம் பெறுகின்றன. நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலின் விசாரணையைத் தொடர்ந்து, 2014-இல் மேசிஸ் 6.5 லட்சம் டாலரும், பார்னிஸ் 5.25 லட்சம் டாலரும் செலுத்த உடன்பட்டன. ஓரிகன் மாநிலத்தில், வால்மார்ட் ஊழியர் பின்தொடர்ந்து, வெளியேறச் சொல்லி, காவல்துறையையும் அழைத்த கறுப்பினத்தவருக்கு 2022-இல் ஜூரி குழு 44 லட்சம் டாலர் வழங்கியது. அதில் 40 லட்சம் தண்டனை இழப்பீடு.

பின்தொடரும் வேலை இப்போது கேமராக்களிடமும் ஒப்படைக்கப்பட்டு வருகிறது. ரைட் எய்ட் மருந்துக் கடைகளின் முக அடையாள மென்பொருள், திருட்டில் தொடர்பில்லாதவர்களைச் சந்தேக நபர்களாகக் காட்டியதாகவும், கறுப்பினத்தவரும் ஆசியரும் மிகுந்த பகுதிகளில் இத்தவறு அதிகம் நேர்ந்ததாகவும் மத்திய வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டியது. அம்மென்பொருளைப் பயன்படுத்த அந்நிறுவனத்துக்கு 2023 டிசம்பரில் 5 ஆண்டு தடை அறிவிக்கப்பட்டது. அந்த நடவடிக்கை எடுக்கப்பட்டது இனப்பாகுபாட்டுச் சட்டத்தின்கீழ் அல்ல, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்.