ஏரிக்கரைக்குத் தார் வேண்டாம்

செங்கல்பட்டுப் பக்கம் ‘கிராவல்’ என்றால் யாருக்கும் சைக்கிள் நினைவுக்கு வராது, டிப்பர் லாரிதான் வரும். புறம்போக்கு மேட்டிலும் ஏரியின் உள்வாயிலும் வெட்டி, தார்ப்பாய் போர்த்தி, நள்ளிரவில் ஜி.எஸ்.டி. சாலை ஏறுகிற சிவப்பு மண்ணுக்கு இங்கே அதுதான் பெயர். அதே சொல் இப்போது வேறு வேடத்தில் வந்திருக்கிறது. கிராவல் பைக் என்பது பந்தய சைக்கிளைப் போல வளைந்த கைப்பிடியும், 40 மில்லிமீட்டர் அளவுக்கு அகலமான டயரும் கொண்ட வண்டி. தார் இல்லாத பாதையில், மண்ணிலும் சரளையிலும் நாள் முழுக்க மிதிப்பதற்கென்று செய்தது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 2006-இல் சிறிய அளவில் தொடங்கிய சரளைப் பாதைப் பந்தயம் இன்று உலகெங்கும் பெயர் பெற்றது. 2022-இல் இத்தாலியில் இதற்கென்றே உலக சாம்பியன் போட்டியும் நடந்தது.

சென்னைக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் என்றால் ஈ.சி.ஆர்.தான். விடியும் முன்பே முட்டுக்காடு பாலம் தாண்டி மாமல்லபுரம் நோக்கி வரிசையாகப் போவார்கள். 2021 ஜூலையில், முதலமைச்சராகி இரண்டு மாதமே ஆகியிருந்த மு.க. ஸ்டாலினும் இந்தச் சாலையில் மிதித்தார். முதலமைச்சருக்குக் காவல் வண்டி உண்டு. மற்றவர்களுக்கு முதுகுக்குப் பின்னால் வருவது புதுச்சேரிக்கு விரையும் கார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சாலை நான்கு வழியாகிறது. அகலம் கூடினால் வேகமும் கூடும் என்பதைச் சொல்ல நிபுணர் வேண்டியதில்லை.

சைக்கிள்காரர்கள் கடலை விட்டு மேற்கே திரும்ப வேண்டிய காலம் இது. திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, படாளம், மதுராந்தகம் என்று போனால் ஏரிகளும் காப்புக்காடுகளும்தான். மண்பாதைக்கு இங்கே பஞ்சமில்லை. அந்தப் பாதைகளை அரசு சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் உரியவையாக அறிவிக்க வேண்டும். அறிவித்த கையோடு தார் போட்டுவிடவும் கூடாது. இந்த இரண்டாவது கோரிக்கைதான் நமக்கு முக்கியம்.

பிரிக்கப்படாத செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்றே பெரியவர்கள் சொல்வார்கள். பிறை போல வளைந்த மண்கரை ஒரு பக்கம், தண்ணீர் வந்து சேரும் திறந்த உள்வாய் மறுபக்கம். நிறைந்தால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். அதுவும் நிறைந்தால் அதற்கடுத்த ஏரிக்கு. ஆக, ஓர் ஊரின் கரை முடிகிற இடத்தில் தொடங்கும் கால்வாய் அடுத்த ஊரின் ஏரியில் கொண்டுபோய் விடுகிறது. தண்ணீருக்காக முன்னோர் கோத்த இந்தச் சங்கிலி சைக்கிளுக்கும் அப்படியே பொருந்தும். ஒரு சென்ட் நிலம்கூடக் கையகப்படுத்த வேண்டாம். கரை ஏற்கெனவே அரசுடையது. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருக்கின்றன.

மார்கழிக் காலையில் ஒரு கரைமேல் ஏறிப் பாருங்கள். மாட்டுவண்டி போகும் அகலம். நடுவே புல், இரு புறமும் சக்கரம் பதிந்த தடம். ஒரு கை பக்கம் பனைமரங்களுக்குக் கீழே நெல்வயல், மறு கை பக்கம் தண்ணீர். மதகுத் தூணின் மேல் இறக்கையை விரித்துக் காயவைத்தபடி ஒரு நீர்க்காகம். எதிரே பால்கேனைக் கட்டிக்கொண்டு ஒருவர் மிதித்து வருகிறார். கிராவல் சைக்கிள் என்று யாரும் பெயர் வைக்கும் முன்பே அவர் இந்தப் பாதையில் ஓட்டிக்கொண்டிருந்தவர்.

இந்த மண்தடத்தைப் பார்த்தால் நம் ஊர் ஒப்பந்தக்காரருக்குக் கை துறுதுறுக்கிறது. ‘ஏரிக்கரை மேம்பாடு’ என்று ஒரு பலகை, பேவர் பிளாக், வண்ண விளக்கு, ஊர்ப் பெயரின் முன் இதயம் வரைந்த செல்ஃபி பாயிண்ட். அதற்குப் பிறகு நடப்பது எல்லோருக்கும் தெரியும். முதலில் கார் வரும். காரோடு பாட்டில் வரும். பிறகு ‘ஏரியைப் பார்த்த மனை’ என்று விளம்பரம் வரும். நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தனிச் சட்டம் போட்ட மாநிலம் இது. ஆக்கிரமிப்பாளருக்கு அரசே தார்ச்சாலை போட்டுக் கொடுப்பதைப் போன்ற வேடிக்கை வேறு உண்டா? மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோயில் கொண்டிருக்கிறார். மழையிரவில் உடைய இருந்த கரையை வில்லோடு நின்று அவர் காத்ததைக் கலெக்டர் லயோனல் பிளேஸ் பார்த்தார் என்பது ஊர்க்கதை. இன்று காவலுக்கு வந்தால் பொக்லைனோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கும்.

தார் போடாமல் விடுவது பின்தங்கிய எண்ணம் என்பவர்களுக்கு இத்தாலியின் டஸ்கனியைச் சொல்லலாம். அங்கே திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வெள்ளைச் சரளைப் பாதைகள் உண்டு. அவையும் ஒவ்வொன்றாகத் தாருக்குப் போய்க்கொண்டிருந்தன. 1997-இல் கயோலே என்ற சிற்றூரில், பழைய சைக்கிள்களில் அந்தப் பாதைகளைச் சுற்றிவர ஒரு விழா எடுத்தார்கள். முதல் ஆண்டில் மிதித்தவர்கள் 92 பேர். பத்து ஆண்டில், 2007-இல், அதே பாதைகளில் தொழில்முறைப் பந்தயம் வந்தது. இன்று அந்த வெள்ளைப் புழுதியில் ஓட்டுவதற்காகவே உலகெங்கிலுமிருந்து ஆட்கள் போய் அந்த ஊர்களில் தங்கிச் சாப்பிடுகிறார்கள். புழுதியை விற்றுப் பிழைக்க முடியும் என்று டஸ்கனிக்குத் தெரிந்திருக்கிறது. பல்லவர் சிற்பம் பார்க்க உலகமே வந்திறங்கும் மாமல்லபுரத்துக்குப் பின்வாசலில் நம் ஏரிகள் இருக்கின்றன. கடற்கரைக் கோயில் பார்த்தவரை மறுநாள் திருக்கழுக்குன்றம் பக்கம் சைக்கிளில் அனுப்ப நமக்கு ஏன் தோன்றவில்லை?

ஊர்க்காரர்களின் எதிர்ப்பு நியாயமானது. “உங்களுக்குப் பொழுதுபோக்கு, எங்களுக்கு ஆம்புலன்ஸ் வர ரோடு வேண்டாமா?” என்று கேட்பார்கள். வேண்டும், கட்டாயம் வேண்டும். ஊருக்கான சாலை கரைக்குக் கீழே போகட்டும், அதற்கு நல்ல தாராகவே போடட்டும். நாம் சொல்வது கரையின் தலைப்பைப் பற்றி மட்டும். ஊர்ச்சாலை போடாமல் காலம் கடத்திவிட்டு, கரைமேல் தார் ஊற்றிக் கணக்கு முடிக்கும் வழக்கத்தைத்தான் எதிர்க்கிறோம். ஆயக்கட்டு விவசாயியின் டிராக்டரையோ டூவீலரையோ மறிக்கவும் யாருக்கும் உரிமை இல்லை.

இது லட்ச ரூபாய் சைக்கிள் வைத்திருப்பவரின் சமாச்சாரம் என்று ஒதுக்குவதும் சரியல்ல. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு ஆண்டுதோறும் இலவச சைக்கிள் கொடுக்கிறது. அதை ஓட்டிப் போக எந்தச் சாலையைக் கொடுத்தது? செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் நெடுஞ்சாலையில் பள்ளி விடும் நேரத்தில் நின்று பாருங்கள். ஜல்லி லாரிக்கும் தனியார் பஸ்ஸுக்கும் நடுவே, புத்தகப் பையோடு, வெள்ளைக்கோட்டுக்கு வெளியே மண்ணில் இறங்கி இறங்கி ஏறுகிறாள் ஒரு பெண். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் பெண்களைச் சைக்கிள் ஏற வைத்தது. அந்த மாவட்டத்தின் முகமே மாறியது. ஏறியவர்களுக்குப் பாதுகாப்பான பாதை தரும் வேலை அதற்குப் பிறகும் பாக்கியாகவே கிடக்கிறது. கரைப்பாதையை முதலில் கேட்க வேண்டியவள் அந்தப் பெண்தான். கிராவல் பைக்காரர் அவளுக்குப் பின்னால் வரட்டும்.

சைக்கிள்காரர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. மழை பெய்து ஊறிய கரையில் ஓட்டாதீர்கள். டயர் பதிந்த தடத்தில்தான் தண்ணீர் ஓடி, கரை அரிக்கத் தொடங்கும். காப்புக்காட்டில் காரையும் சூரையும் கிளுவையும் மண்டிய புதர்க்காடுதானே என்று புதுத்தடம் போடாதீர்கள். அங்கே இருளர்கள் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதைகள் இருக்கின்றன, அவை அவர்களுடையவை. காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். 2018 குரங்கணிக் காட்டுத் தீக்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024-இல் வனத்துறையே வழிகளை வகுத்து, வழிகாட்டியோடும் முன்பதிவோடும் திறந்துவிட்டது. காட்டோரச் சைக்கிள் பாதைக்கும் அந்த முறை போதும்.

வேடந்தாங்கல் தனிக் கதை. 1798 வாக்கிலேயே கலெக்டர் பிளேஸ் காலத்தில் பாதுகாப்பு பெற்ற ஏரி அது. பறவைகள் மிரளுமென்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர். பக்கத்துக் கரிக்கிலியும் வேடந்தாங்கலும் 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. அந்த இரண்டு கரைகளிலும் சைக்கிளைக்கூட உருட்டிக்கொண்டே போகலாம், ஓட்ட வேண்டாம். ஆனால் சீசனில் ஞாயிறுதோறும் ஊருக்குள் திணறும் கார்களை எதற்குப் பொறுத்துக்கொள்கிறோம்? படாளம் கூட்டு ரோட்டிலேயே கார்களை நிறுத்தி, அங்கிருந்து வாடகைச் சைக்கிள் கொடுத்தால் ஊர் இளைஞர்களுக்கும் வருமானம், பறவைகளுக்கும் நிம்மதி. ஞாயிறு அதிகாலையில் மட்டும் மின்சார ரயிலின் வெண்டர் பெட்டியில் சைக்கிள் ஏற்ற ரயில்வே அனுமதித்தால் காரே வேண்டியதில்லை.

பெரிய திட்ட அறிக்கையும் பல கோடியும் கேட்கவில்லை. மாவட்ட ஆட்சியர், நீர்வளத் துறை, வனத்துறை மூவரும் உட்கார்ந்து, திருக்கழுக்குன்றத்துக்கும் மதுராந்தகத்துக்கும் இடையே ஒரே ஒரு பாதையை முதலில் தேர்ந்தெடுக்கட்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் அதன் கரைகளைப் பலப்படுத்தட்டும். ஒவ்வொரு கரையின் இரு முனையிலும் மூன்றடி இடைவெளி விட்டுக் கருங்கல் தூண் நட்டு, நடுவில் டிராக்டருக்கும் பொக்லைனுக்கும் பூட்டுப் போட்ட ஒரு கம்பி வைத்து, சாவியை ஏரிப் பாசன விவசாயிகளிடம் கொடுக்கட்டும். அந்த மூன்றடியில் மாடு நுழையும், மனிதர் நுழைவார், சைக்கிள் நுழையும். டிப்பர் நுழையாது.