மருந்தும் ஓர் அமானிதமே



பெண்களுக்கான மார்க்க வகுப்பு முடிந்து அனைவரும் கலைந்த பின்னர், ஒருவர் மட்டும் கதவருகே தயங்கி நிற்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். "ஆலிமா, சிறுநீர் அடிக்கடி சொட்டுகிறது, உளூ நிலைக்குமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்பார்கள். அவ்வாறு கேட்ட ஒரு சகோதரிக்கு நாம் சட்டத்தை மட்டும் சொல்லி அனுப்பிவிட்டோம். எரிச்சல் உண்டா, எத்தனை நாளாக என்று வினவவில்லை.

அவருக்கு மூன்று மாதங்களாக நீர்க்கடுப்பு இருந்திருக்கிறது. மருத்துவரிடம் செல்ல வெட்கம். கணவர் மருந்துக்கடையில் பெயர் சொல்லி வாங்கிவரும் மாத்திரையை இரண்டு நாள் உண்பார். எரிச்சல் அடங்கியதும் மீதியை அலமாரியில் வைத்துவிடுவார். மீண்டும் நோய், மீண்டும் அதே மாத்திரை. இறுதியில் குளிர்காய்ச்சலும் விலாப்புறத்தில் தாங்கவியலாத வலியும் கண்டன. தொற்று சிறுநீரகத்திற்கு ஏறியிருந்தது. வாய்வழி உண்ணும் பல மருந்துகளுக்கு அக்கிருமி பணியாது எனப் பரிசோதனை காட்டியது. மருத்துவமனையில் தங்கி ஊசி மருந்து ஏற்றிக்கொண்ட பிறகே குணமடைந்தார், அல்ஹம்துலில்லாஹ். நாம் கேட்கத் தவறிய அந்தக் கேள்வி இன்றும் நெஞ்சை உறுத்துகிறது.

பெண்களின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகியது. ஆகவே, ஏறத்தாழ இருவரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் இத்தொற்று வருகிறது. பெரும்பாலும் இதற்குக் காரணம், நம் குடலில் வாழும் ஈ.கோலை என்னும் கிருமி. சாதாரணச் சளிக்குத் தேவையின்றி உண்ணும் ஆன்டிபயாடிக் குடலுக்கும் செல்கிறது. அங்கே வலுவற்ற கிருமிகள் மடிய, மருந்தைத் தாங்கியவை பெருகுகின்றன. பின்னர் அவையே சிறுநீர்ப் பாதைக்குள் புகுந்தால், பழைய மாத்திரை பயன் தராது. நம் நாட்டில் சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகளுக்கு ஈ.கோலையின் பெரும்பகுதி இப்போது கட்டுப்படுவதில்லை. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், மருந்தைக் குறைவான அளவில் உண்டால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று 1945ஆம் ஆண்டிலேயே எச்சரித்தார். 2019இல் மட்டும், மருந்துக்குப் பணியாத கிருமிகளால் உலகில் 12 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர்.

எனவே, இது ஒருவரின் உடலோடு முடியும் காரியமன்று. இன்று நாம் வீணாக்கும் மருந்து, நாளை நம் மகளின் பிரசவத்தின்போதும் பக்கத்து வீட்டாரின் அறுவை சிகிச்சையின்போதும் பலனளிக்காமல் போகலாம். தனக்கும் தீங்கிழைக்கக் கூடாது, பிறருக்கும் தீங்கிழைக்கக் கூடாது என்பது நமது மார்க்கத்தின் அடிப்படை விதி. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். சீட்டின்றி மாத்திரை எடுத்துக்கொடுக்கும் நம் சமுதாய மருந்துக்கடைக்காரர்களும், "போன முறை இதுதான் கேட்டது" என்று அண்டை வீட்டாருக்கு மாத்திரை தரும் நாமும் இதைச் சிந்திக்க வேண்டும்.

நாணம் ஈமானின் ஒரு கிளை, ஐயமில்லை. ஆயினும் அந்த நாணம், அன்ஸாரிப் பெண்கள் மார்க்கத்தைக் கற்பதைத் தடுக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்துள்ளார்கள். உம்மு சுலைம் (ரலி) அவர்கள் பெண்களின் அந்தரங்கம் பற்றிய கேள்வியை நபியவர்களிடமே நேரில் கேட்டார்கள். நோயை மறைப்பது நாணமாகாது. பெண் மருத்துவர் கிடைத்தால் அவரிடம் செல்வோம். கிடைக்காத இடத்தில், அவசியத்தின் பொருட்டு ஆண் மருத்துவரிடம் காட்டுவதை மார்க்க அறிஞர்கள் அனுமதித்துள்ளனர்.

நம் வீடுகளில் செய்ய வேண்டியவை சில உண்டு. உளூ முறிந்துவிடும் என்று அஸர் முதல் மக்ரிப் வரை சிறுநீரை அடக்கும் பழக்கத்தை விட வேண்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு தொழுவதையே நபியவர்கள் தடுத்திருக்கும்போது, உளூவுக்காக அடக்குவதில் என்ன நன்மை? கல்யாண வீட்டிலும் பயணத்திலும் கழிப்பறைக்கு அஞ்சித் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் கூடாது. நோய் மீண்டும் மீண்டும் வந்தால், மருந்து தொடங்கும் முன்னரே சிறுநீர் கல்ச்சர் பரிசோதனை செய்யலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். எந்த மருந்து வேலை செய்யும் என்பதை அது இரண்டு மூன்று நாள்களில் காட்டிவிடும். தரப்பட்ட மருந்தைச் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை உண்ண வேண்டும். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், அது மருத்துவர் சீட்டின்றி வாங்கக் கூடாத மருந்து. கர்ப்பிணிகளும், காய்ச்சலோ விலா வலியோ உள்ளவர்களும் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

கணவன்மார்களே, அடுத்த முறை உங்கள் மனைவி நீர்க்கடுப்பு என்றால் மருந்துக்கடைக்குத் தனியே நடக்காதீர்கள்; அவரையும் அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். மத்ரஸாக்களில் கற்பிக்கும் நாமோ, உளூவின் சட்டத்தைச் சொல்லும் அதே அமர்வில் இதையும் கேட்டுவிடுவோம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தை வழங்குவானாக! ஆமீன்.