நுரை தள்ளணும்... நமக்கில்ல, தொட்டிக்கு!

தேனி மாவட்டத்துல உக்காந்துக்கிட்டு கடல் மீன் வளர்க்கிறேன்னு சொன்னா, "வைகை டேம் கெண்டையைக் குழம்பு வச்சுச் சாப்பிடறத விட்டுட்டு உனக்கெதுக்குடா இந்த வேலை"ன்னுதான் கேப்பாங்க. கேக்கட்டும். நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். கடலுக்குத் தூரமா இருக்கிற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு புரோட்டீன் ஸ்கிம்மர் ஆடம்பரம் இல்ல, அவசியம். அதையும் நாமளே செஞ்சுக்கறதுதான் நல்லது.

ஏன்னு கேட்டா, முதல்ல தண்ணிக் கணக்கைப் பாருங்க. தூத்துக்குடிக்காரருக்கு தொட்டித் தண்ணி கெட்டுப் போச்சுன்னா, சுத்தமான இடமாப் பாத்து நாலு கேன் கடல் தண்ணி பிடிச்சுட்டு வந்து மாத்திடுவார். நமக்குக் கடல் ரோட்டு வழியா ரொம்பத் தூரம். அதனால கடலை நாமளே கரைச்சுக்கணும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. 200 லிட்டர் தொட்டின்னா 7 கிலோ. சமையல் உப்பெல்லாம் ஆகாது. மக்னீசியம், கால்சியம் எல்லாம் சேர்ந்த தனி உப்பு வேணும். வாரம் 20 லிட்டர் மாத்தினாக்கூட வருஷத்துக்கு 36 கிலோ உப்பைச் சாக்கடையில கொட்டுறோம். நமக்கு ஒவ்வொரு வாளித் தண்ணியும் காசு.

மீன் கழிவும் மிஞ்சின தீனியும் அழுகி அமோனியா ஆகும், அது நைட்ரைட் ஆகும், கடைசில நைட்ரேட்டா தண்ணியிலயே தங்கிடும். ஸ்கிம்மர் அந்த அழுகல் நடக்கறதுக்கு முன்னாடியே குப்பையை வெளியே எடுத்துடுது. நம்ம பாஷையில சொன்னா, பக்கை கோட் ரிவ்யூல பிடிக்கிற மாதிரி. மத்த ஃபில்டரெல்லாம் புரொடக்‌ஷனுக்குப் போன அப்புறம் ராத்திரி முழிச்சுச் சரி பண்ற கதை :-)

இது எப்படி வேலை செய்யுதுங்கறதுல பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல. வெல்லம் காய்ச்சும்போது கொப்பரையில மேல வர்ற அழுக்கு நுரையை வழிச்சு எடுப்பாங்க பாருங்க, கிட்டத்தட்ட அதான். புரதம் மாதிரியான பொருளுக்கு ஒரு முனை தண்ணியை விரும்பும், இன்னொரு முனை வெறுக்கும். அதனால காத்துக் குமிழியைக் கண்டா அதோட மேல்பரப்புல ஒட்டிக்கும். குமிழி மேல ஏறும், நுரையாகும், கிண்ணத்துல வழியும். 2019 டிசம்பர்ல மெரினாவுல நுரை ஒதுங்கி, ஜனங்க அதுல நின்னு செல்ஃபி எடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? கழிவு கலந்த தண்ணியை அலை அடிச்சுக் கலக்குனா அப்படித்தான் ஆகும். நல்ல தண்ணியில இந்த வித்தை பலிக்காது. அங்க குமிழிங்க ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பெருசாகி உடைஞ்சிடும். உப்புதான் அதுங்களைச் சின்னதாவே வச்சிருக்கு. அதனால கோல்டு ஃபிஷ் தொட்டிக்கு இதைச் செஞ்சு ஏமாறாதீங்க.

இன்னொரு காரணமும் இருக்கு. வெளிநாட்டுப் புத்தகங்கள்ல "உயிர்ப்பாறை போடுங்க, பாதி சுத்தம் அதுவே பண்ணிடும்"னு எழுதியிருப்பாங்க. நமக்குப் பக்கத்துல இருக்கிறது மன்னார் வளைகுடா. 1986-ல இருந்து அங்க 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா. பவளத்தை வெட்டி எடுத்ததும் ஒரு காரணமா, அதுல ரெண்டு தீவு ஏற்கெனவே மூழ்கிடுச்சு. கல் பவளங்கள் 2001-ல இருந்து வனவிலங்குச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு, புலிக்குச் சமமா. யாராவது அங்கிருந்து பாறை எடுத்துத் தர்றேன்னா கும்பிடு போட்டு அனுப்பிடுங்க. மீனும் அப்படித்தான். கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைக்கிற முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் எப்பவோ கொண்டு வந்துட்டாங்க. பண்ணையில பிறந்த மீனைக் கேட்டு வாங்குங்க. உயிர்ப்பாறை இல்லாத தொட்டியில ஸ்கிம்மருக்கு வேலை கூடுதல்.

சரி, செய்முறைக்கு வருவோம். 3 இன்ச் பிவிசி பைப், ரெண்டடி உயரம். அடியில மூடி. சின்ன பம்பு வழியா தண்ணி மேல் பக்கம் உள்ள வரணும், அடியில வெளிய போகணும். காத்து அடியில இருந்து மேல வரணும். இப்படி எதிரெதிராப் போனாத்தான் குமிழி அதிக நேரம் உரசும். வெளியேற்றும் குழாயை எல்போ போட்டு மேல தூக்கி விடுங்க. அந்த உயரம்தான் உள்ள நீர்மட்டத்தை முடிவு பண்ணும். உச்சியில தெளிவான பிளாஸ்டிக் கழுத்து, அதுக்கு மேல கிண்ணம். காத்துக்கு ஏர் பம்பும் மர ஏர் ஸ்டோனும் போதும். மரம் சில வாரத்துல அடைச்சுக்கும், மாத்திக்கணும்.

திராட்சைத் தோட்டத்துல சொட்டுநீரோட உரம் கலக்க வென்சுரி வைக்கிறாங்களே, பெரிய ஸ்கிம்மர்கள்ல காத்து இழுக்கறதும் அதே தத்துவம்தான். ஆனா அதையே கழட்டி இங்க மாட்டாதீங்க. அதுக்கு வேண்டிய அழுத்தத்தை நம்ம மீன்தொட்டி பம்பு தராது.

ரெடிமேடே நல்லாத்தான் ஓடும், மறுக்கலை. ஆனா ஒரு பாகம் உடைஞ்சா பார்சலுக்குக் காத்திருக்கணும். நாம செஞ்சது உடைஞ்சா சின்னமனூர் பைப் கடையிலயே மருந்து இருக்கு. எது எதுக்கு இருக்குன்னும் தெரியும். பம்பை மட்டும் காசு போட்டு நல்லதா வாங்குங்க. கரண்டும் உப்புத் தண்ணியும் சேர்ற இடத்துல கைவேலை வேணாம்.

கவனிக்க வேண்டியது நாலு. பித்தளை, செம்பு எதுவும் தண்ணியில படக்கூடாது, இறால் வகையெல்லாம் செத்துடும். சோப்பு கூடவே கூடாது, வினிகர் போதும். மாசம் ஒரு நாள் பராமரிப்புன்னு கரண்டை நிறுத்துவாங்க, அப்ப ஏர் டியூப் வழியா தண்ணி திரும்பி வரும், அதனால செக் வால்வு கட்டாயம். புதுசுல சில நாள் சரியா நுரை வராது, பொறுத்துக்குங்க.

ஸ்கிம்மர் இருக்குன்னு தைரியத்துல பத்து மீனை அடைச்சா எந்த நுரையும் காப்பாத்தாது. ஏற்கெனவே உருவான நைட்ரேட்டையும் அது எடுக்காது. தண்ணி மாத்தறதை அது குறைக்கும், நிறுத்தாது. மீன் ரெண்டோ மூணோ போதும். கிண்ணத்துல டீ டிகாஷன் கலர்ல நாத்தமடிக்கிற தண்ணி சேர்ந்தா சந்தோஷப்படுங்க. அது மீனோட மூச்சுல கலந்திருக்க வேண்டியது.