நாற்று விட்டவருக்கும் ஒரு பங்கு வேண்டும்



நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாகக் கூடைப்பந்துப் பேச்சு. ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி தன் இளம் வீரர்களைக் கலையாமல் வைத்திருக்குமா என்று என்னையும் கேட்டிருந்தார்கள். பதில் கொஞ்சம் நீளம், அதனால் இங்கே எழுதுகிறேன்.

2012இல் டியூரான்ட், வெஸ்ட்புரூக், ஹார்டன் மூவரும் அந்த அணியை இறுதிப்போட்டி வரை கொண்டுபோனார்கள். ஒருவருக்கும் 24 வயது ஆகவில்லை. சில மாதங்களில், சம்பளப் பேச்சு ஒத்துவராமல் ஹார்டனை ஹூஸ்டனுக்குக் கொடுத்துவிட்டார்கள். பிறகு அணியே கலைந்தது. முதலிலிருந்து கட்டி 2025இல் கோப்பை வாங்கினார்கள். அந்தக் கோடையிலேயே முக்கிய வீரர்கள் மூவரின் ஒப்பந்தத்தையும் நீட்டித்தார்கள். பழசிலிருந்து பாடம் படித்திருக்கிறார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இளம் வீரரைத் தேர்ந்தெடுத்த அணிக்கு முதல் சில ஆண்டுகள் அவர் மேல் உரிமை உண்டு. அதன் பிறகும் மற்ற அணிகளைவிடக் கூடுதலாகக் கொடுக்க விதி இடம் தருகிறது. வளர்த்தவன் பக்கம் சட்டம் நிற்கிறது.

இப்போது நம் மாவட்டத்துக்கு வருவோம். கடலூர்ப் பெண்களின் கால்பந்து நாடறிந்தது. கடலூர் இந்துமதி கதிரேசன், பண்ருட்டி சந்தியா ரங்கநாதன் இருவரும் இந்திய அணிக்கு ஆடியவர்கள். இங்கே பெண்களை வளர்த்த இந்திரா காந்தி அகாடமி 2017-18இல் இந்திய மகளிர் லீக்கிலேயே ஆடியது. 2019இல் அந்தக் கோப்பையை மதுரை சேது எஃப்.சி. வென்றது. 2023இல் கோழிக்கோட்டின் கோகுலம் வென்றபோது அந்த அணியில் இந்துமதி இருந்தார். நம் பிள்ளைகள் பெரிய கிளப்புகளுக்குப் போனார்கள். போகத்தான் வேண்டும்.

"வளர்த்துவிட்டவரை விட்டுட்டுப் போயிட்டா" என்று சிலர் பேசுவதை நான் ஏற்கவில்லை. 2019 லீக்கின் ஆட்டங்கள் லூதியானாவில் சில வாரங்களில் முடிந்துவிட்டன. மிச்ச மாதங்களுக்கு அந்தப் பெண் எதை நம்பி ஊரில் இருப்பாள்? குறுவட்டப் போட்டியில் கலக்கிய பெண்கள் பிளஸ் டூ முடிந்ததும் மைதானத்தை மறந்ததை நான் ஆண்டுதோறும் பார்த்தவன். விசுவாசம் குறைந்து போனவர்கள் இல்லை அவர்கள். அடுத்த படி இல்லாமல் நின்றவர்கள்.

படி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் இந்துமதியே சாட்சி. தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். எந்த ஊர்க் கிளப்புக்கு ஆடினாலும் திரும்பி வர இங்கே ஒரு வேலை இருக்கிறது. தமிழ்நாடு பெண்கள் அணி 2018இலும் 2023இலும் தேசியப் பட்டம் வென்றதற்கு இப்படிப்பட்ட பிடிமானமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

மிச்சம் இருப்பது வளர்த்தவர் கணக்கு. 12 வயது முதல் 21 வயது வரை பயிற்சி தந்த கிளப்புக்கு, வீரரை எடுக்கும் கிளப் ஈடு தர வேண்டும் என்று ஃபிஃபா விதி சொல்கிறது. பெண்கள் கால்பந்துக்கு அது பொருந்தாது என்றும் அதே விதி சொல்கிறது! நம் பக்கத்தில் நாற்றங்கால் போட்டவரிடம் நாற்றுக்கட்டை யாரும் சும்மா வாங்குவதில்லை. ஒரு பெண்ணைப் பத்து வருஷம் வளர்த்த பயிற்சியாளருக்கு மட்டும் கைதட்டல் போதுமா?

ஆகவே என் பதில் இது. இளம் அணியைப் பாசத்தால் கட்டி வைக்க முடியாது. போகிறவர்களுக்கு ஊரில் ஒரு வேலை, வளர்த்தவருக்கு ஒரு பங்கு, இரண்டும் இருந்தால் ஒரு அணி போனாலும் அடுத்த அணி எழும். மாநிலச் சங்கமும் கிளப்புகளும் மனம் வைத்தால் இந்தப் பங்கை இங்கேயே தொடங்கலாம்.

பெண் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பும் என் மாணவ மாணவியர் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
காட்டுமன்னார்கோயில்