மொழிக் குடும்பமும் குருதிப் பெருமையும்

சிங்களவர் ஆரியர், தமிழர் திராவிடர். மேடையில் இதை முழங்குவோர் இரு தரப்பிலும் உளர். வகுப்பறையில் ஒப்புவிப்போரும் உளர். மொழியியல் என்னும் விஞ்ஞானத்தின் பெயரால் கூறப்படுவதால் இதனை எதிர்ப்பார் அரியர். நாம் எதிர்க்கிறோம். மொழியியலை ஆதாரமாகக் கொண்டே எதிர்க்கிறோம்.

மொழிக் குடும்பம் என்பது யாது? சமஸ்கிருதமும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு பொது மூலத்திலிருந்து பிறந்திருத்தல் வேண்டும் என 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் கூறினார். தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்தின் வழிவந்தவையல்ல, தமக்குள்ளேயே உறவுடையவை என்பதை 1816இல் எல்லிஸ் எடுத்துக்காட்டினார். 1856இல் கால்டுவெல் விரித்து நிறுவினார்.

சில சொற்கள் ஒத்து ஒலிப்பது உறவுக்குச் சான்றாகாது. ஒலிகள் ஓர் ஒழுங்கில் மாறியிருப்பதே சான்று. நமது பால், பல், பத்து, புலி என்பன கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹத்து, ஹுலி என நிற்கின்றன. ஏழையும் பத்தையும் குறிக்கும் இந்திச் சொற்களான சாத், தஸ் என்பவற்றுக்கு நேராகச் சிங்களத்தில் ஹத, தஹய என்பன உள்ளன. ஆனால் சிங்களத்தின் ‘கடே’ நமது கடையே; அது கடன், உறவன்று. இவ்வேறுபாட்டை அறியாமல், ஒலியொப்புமை கண்டவுடன் உலக மொழிகளுக்கெல்லாம் தமிழே தாய் என்று பறைசாற்றும் நம் பண்டிதர்களும் விஞ்ஞானத்துக்குத் தொண்டு செய்பவரல்லர்.

இவ்விதிகளில் எங்கேனும் குருதிக்கு இடமுண்டா? ஆங்கிலம் ஜேர்மானியக் கிளையைச் சேர்ந்த மொழி. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்த யமேக்க மக்கள் அதனைப் பேசுவதால் அவர்கள் ஜேர்மானியராகி விட்டனரா? ஆரிய இனம் என்ற கருத்துக்கு ஒருகால் இடமளித்த மாக்ஸ் முல்லரே, 1888இல் அப்பெயரை இனத்துக்கு வழங்குவது பிழையென்று கண்டித்தார். அதைப் பொருட்படுத்தாத நாசிகள் அப்பெயரால் ஐரோப்பாவைச் சுடுகாடாக்கினர்.

நம் நாட்டையே பாருங்கள். கிழக்குக் கரையோர வேடர் தமிழ் பேசுகின்றனர். அநுராதபுரப் பகுதி வேடர் சிங்களம் பேசுகின்றனர். இவர்களுள் எவர் திராவிடர், எவர் ஆரியர்? நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையுள்ள கரையில், தமிழ் பேசிய முன்னோரின் பேரப்பிள்ளைகள் இன்று சிங்களத்தில் கல்வி கற்கின்றனர். மனிதர் மொழி மாறுவர். மொழியின் வம்சாவளி மனிதரின் வம்சாவளியன்று.

குருதிப் பெருமை யாருக்குப் பயன்பட்டது? 1948இல் மலையகத் தொழிலாளரின் குடியுரிமை பறிக்கப்பட்டபோது, எத்தனை தமிழ்ச் சீமான்களின் திராவிடக் குருதி கொதித்தது? ஆரியப் பெருமை எந்தச் சிங்கள விவசாயிக்கு ஒரு காணி நிலம் தந்தது? 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1983இல் வீதிகள் எரிந்தன. 2009 வரை போர் நீடித்தது. மாண்டவர் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்.

தமிழுக்குரிய உரிமையை நாம் கோருவது அது தொன்மையான குடும்பத்தில் பிறந்தது என்பதற்காகவன்று. அதைப் பேசும் மக்கள் இந்நாட்டில் உழைத்து வாழ்கின்றனர் என்பதற்காகவே. ஆசிரிய நண்பர்களே, மொழிக் குடும்ப மரத்தைக் கரும்பலகையில் வரையுங்கள். வரைந்தபின், இது சொற்களின் மரம், மனிதரின் மரமன்று என்று மாணவருக்குச் சொல்லுங்கள். அவ்வொரு வாக்கியத்தைச் சொல்லாத பாடம் அரைப் பாடமே.